ஜனவரி 12: எட்டாம் வகுப்பில் ஒருத்தி கேட்ட கேள்வி



நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பார்வர்ட் வந்தது. விவேகானந்தரின் பிறந்த நாளை ஐ.நா. சபை உலக இளைஞர் தினமாக அறிவித்திருக்கிறதாம், பெருமையோடு பகிருங்கள் என்று. மச்சினர் மகன் போட்டிருந்தான். பதினாறு பேர் கைகூப்பியிருந்தார்கள். முப்பத்து நான்கு வருடம் சிவப்பு மையால் திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? ஆனால் குரூப்பில் திருத்தினால் பையன் முகம் வாடிவிடும், அதனால் இங்கே எழுதுகிறேன். (அவன் இங்கேயும் இருக்கிறான் என்பது வேறு விஷயம். கோபித்துக்கொள்ளாதே கண்ணா.) கொஞ்சம் நீளமான பதிவு. பொங்கல் வேலைக்கு நடுவே படிக்க முடியாதவர்கள் கரிநாள் அன்று படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைச் சரிசெய்துவிடுகிறேன். ஐ.நா. சபை 1979-இல் ஒரு தீர்மானம் போட்டு, 1985-ஆம் ஆண்டை சர்வதேச இளைஞர் ஆண்டாக அறிவித்தது. பங்கேற்பு, வளர்ச்சி, அமைதி ஆகிய மூன்றும் அதன் குறிக்கோள். அதை ஒட்டி நம் நாட்டிலும் இளைஞர்களுக்கென்று ஒரு நாள் வேண்டும் என்று மத்திய அரசு 1984-இல் முடிவு செய்தது. விவேகானந்தர் பிறந்த ஜனவரி 12-ஐத் தேர்ந்தெடுத்தது. 1985 முதல் அது தேசிய இளைஞர் தினம். ஆக, அறிவித்தது இந்திய அரசு. ஐ.நா.வின் இளைஞர் தினம் ஆகஸ்ட் 12. 1998-இல் லிஸ்பன் நகரில் கூடிய இளைஞர் நல அமைச்சர்கள் மாநாடு அந்த நாளைப் பரிந்துரைத்தது, 1999-இல் பொதுச்சபை ஏற்றது, 2000-லிருந்து நடக்கிறது. இரண்டிலும் 12 வருவதால் பார்வர்ட் எழுதுகிறவர்களுக்குக் குழப்பம்.

யார் இளைஞர் என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு உண்டு. ஐ.நா. கணக்கில் 15 முதல் 24 வயது வரை. நம் நாட்டின் 2003-ஆம் ஆண்டு இளைஞர் கொள்கையில் 13 முதல் 35. 2014 கொள்கையில் 15 முதல் 29. முதல் இளைஞர் தினம் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு எனக்கு 25 வயது, வேலையில் சேர்ந்து ஒரு வருடமும் சில மாதங்களும். நம் நாட்டுக் கணக்குப்படி பார்த்தால் நானே இளைஞர்தான். என்னிடம் யாரும் சொல்லவில்லை!

பிறகு வருடா வருடம் நடத்தினோம். என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு உறுதிமொழி, ஒரு பேச்சு, தலைப்பாகை கட்டிய படம் ஒன்று, கட்டுரைப் போட்டிக்கு எவர்சில்வர் டம்ளர் பரிசு. தேதி அப்படி அமைந்துவிட்டது, பாவம். போகிக்கும் பொங்கலுக்கும் முந்தைய நாள். பிள்ளைகளின் மனசு அதற்குள் மேளம் வாங்கப் போயிருக்கும். "எழுமின், விழிமின்" என்று நான் மேடையில் சொல்லும்போது கடைசி வரிசையில் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள்.

1998-ஆம் ஆண்டு. ஜனவரி 12, திங்கட்கிழமை, மறுநாள் போகி. எட்டாம் வகுப்பில் வழக்கமான பேச்சைப் பேசி முடித்தேன். நூறு இளைஞர்கள் கிடைத்தால் போதும், உலகையே மாற்றிவிடலாம் என்று விவேகானந்தர் சொன்னாரே, அதைச் சொல்லி, உங்களில் யார் அந்த நூறில் ஒருவர் என்று கேட்டேன். பையன்கள் பக்கம் ஏழெட்டுக் கை உயர்ந்தது. பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். இரட்டைப் பின்னல், அண்ணனின் பழைய ஜியோமெட்ரி பாக்ஸ். "டீச்சர், இளைஞர்னா பசங்க மட்டுமா?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இளைஞர் என்பது பலர்பால். ஆணும் பெண்ணும் அதில் அடக்கம். உட்காரு."

இலக்கணப்படி பிழையில்லாத பதில். ஆனால் அவள் கேட்டது இலக்கணம் இல்லை என்று எனக்கு அன்றே தெரியும். இரண்டு வருடம் கழித்து அவள் பத்தாவது தேறினாள். அண்ணனைவிட எழுபது மதிப்பெண் கூட. அண்ணன் பாலிடெக்னிக் போனான். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தையலுக்குப் போனாள். ரேஷன் கடை வரிசையில் அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

ஓய்வு பெற்றபின் நேரம் கிடைத்தது. அத்தனை வருடம் மேடையில் ஒப்பித்ததன் கதையை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். படிக்கப் படிக்க, இந்த இளைஞர் தினத்தில் சரிபாதி நம் சென்னையின் கதை என்று தெரிந்தது.

1892 டிசம்பர் கடைசியில் கன்னியாகுமரிப் பாறையில் தியானம் செய்துவிட்டு அவர் சென்னைக்கு வந்தார். சாந்தோமில் மன்மதநாத பட்டாச்சார்யா என்ற வங்காள அதிகாரியின் வீட்டில் தங்கினார். வயது 30. அப்போது இங்கே அவர் பெயர்கூட விவேகானந்தர் இல்லை, சச்சிதானந்தர் என்றுதான் அறியப்பட்டார். காவி கட்டிய, இங்கிலீஷ் பேசுகிற ஒரு ஊர்சுற்றிச் சாமியார், அவ்வளவுதான். அவரைத் தேடித் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்துப் படித்த பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சிலர் வாதாடி மடக்கிப் பார்க்கலாம் என்றே வந்தவர்கள். கிறிஸ்தவக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த சிங்காரவேலு முதலியார் அப்படி வந்தவர்தான். கடைசியில் அவரே சீடராகிவிட்டார்.

இவர்களுக்குத் தலைவராக இருந்தவர் ஒரு வாத்தியார். அளசிங்கப் பெருமாள். பச்சையப்பன் கல்லூரியைச் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். 1865-இல் சிக்மகளூரில் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர், விவேகானந்தரைவிட இரண்டு வயது சின்னவர். பெரிய சம்பளம் இல்லை, பெரிய குடும்பம். இந்தப் பெயரை என் பணிக்காலம் முழுவதும் நான் ஒரு தடவைகூட மேடையில் சொன்னதில்லை. ஒரு வாத்தியாரே வாத்தியாரை விட்டுவிட்டேன்.

சிகாகோவில் சர்வமத மாநாடு என்று செய்தி வந்ததும், இவரை அனுப்பியே தீருவது என்று அந்தப் பையன்கள் முடிவு செய்தார்கள். அளசிங்கர் வீடு வீடாகப் படியேறிச் சந்தா வசூலித்தார். நாம் பொங்கல் விழாவுக்கு ரசீது புத்தகத்தோடு போகிறோமே, அதே மாதிரி. முதலில் சேர்ந்த பணத்தை, போவதா வேண்டாமா என்று மனம் தெளியாத சுவாமி, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். நாமாக இருந்தால் அத்தோடு விட்டிருப்போம். அவர்கள் மறுபடியும் படியேறினார்கள். ராஜாக்களை மட்டும் நம்ப வேண்டாம், நடுத்தர மக்களிடம் கேளுங்கள், நான் போவது அவர்களுக்காகவும் ஏழைகளுக்காகவும்தான் என்று சுவாமியும் சொல்லியிருக்கிறார். கேத்ரி மகாராஜாவும் உதவினார், இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் ஆதரவாக இருந்தார். அந்த சேதுபதிக்கும் அப்போது 24 வயதுதான்! ஆனால் அஸ்திவாரம் போட்டது சென்னையின் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் கொடுத்த சில்லறை.

இங்கே நம் ஊருக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. சென்னையிலிருந்து பம்பாய்க்குப் போகும் ரயில் அன்றும் இன்றும் வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் தாண்டித்தான் அரக்கோணம் போகிறது. அவர் ஏறிய வண்டியும் இந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஆவடி லோக்கலில் ஜன்னலோரம் உட்காரும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

1893 மே 31-இல் பம்பாயில் கப்பல் ஏறினார். போய்ச் சேர்ந்த பிறகுதான் வேடிக்கை. மாநாடு செப்டம்பரில்தான். கலந்துகொள்ள ஏதாவது அமைப்பின் அறிமுகக் கடிதம் வேண்டும், பெயர் பதிவு செய்யும் கெடுவும் முடிந்துவிட்டது. இது எதுவும் அனுப்பிய பையன்களுக்குத் தெரியாது. விவரம் தெரியாத பிள்ளைகள், ஆர்வம் மட்டும் தெரிந்த பிள்ளைகள். கையில் பணம் கரைகிறது, குளிருக்குத் துணி இல்லை. சிகாகோவில் செலவு தாங்காது என்று பாஸ்டன் பக்கம் போய், ரயிலில் பழக்கமான ஒரு அம்மாளின் பண்ணை வீட்டில் தங்கினார். கேட் சேன்பார்ன் என்று பெயர். பணம் வேண்டும் என்று சென்னைக்குத் தந்தி கொடுத்தார். ஆகஸ்ட் 20-ஆம் தேதி அந்த வீட்டிலிருந்து எழுதிய நீண்ட கடிதம் அளசிங்கருக்குத்தான். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் பழக்கமாகி ஒரு கடிதம் கொடுத்ததால்தான் மாநாட்டுக் கதவு திறந்தது. செப்டம்பர் 11 பேச்சு உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பேசிய பிறகும் தொல்லை தீரவில்லை. இவர் யார், இந்துக்களின் பிரதிநிதி என்று இவரை யார் அனுப்பினார்கள் என்று அங்கே சிலர் கிளப்பினார்கள். ஊரில் ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள் என்று அளசிங்கருக்கு எழுதினார். 1894 ஏப்ரலில் பச்சையப்பன் மண்டபத்தில் பெரிய மனிதர்களை மேடையேற்றி அந்தக் கூட்டம் நடந்தது. அடுத்த வருடம் 'பிரம்மவாதின்' பத்திரிகை தொடங்கி அதையும் அளசிங்கரே சுமந்தார். 1909-இல் காலமானபோது 45 வயதுகூட நிரம்பவில்லை. 1896-இல் சென்னையில் தொடங்கிய இன்னொரு பத்திரிகை 'பிரபுத்த பாரதம்'. அதன் முதல் ஆசிரியர் யார் தெரியுமா? 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய வத்தலக்குண்டு ராஜம் ஐயர். அப்போது வயது 24. இரண்டே வருடத்தில், 26 வயதில், போய்விட்டார். அந்தப் பத்திரிகை இன்றும் வருகிறது.

1897 பிப்ரவரி 6-ஆம் தேதி சுவாமி சென்னை திரும்பினார். எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து புறப்பட்ட வண்டியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மாணவர்களே இழுத்தார்கள். ஒன்பது நாள் தங்கிய இடம் மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ். மறுநாள் சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா ஹாலில் கூட்டம் அடங்காமல், வெளியே ஒரு வண்டிமேல் ஏறி நின்று பேசவேண்டியதாயிற்று. நான் வருடா வருடம் ஒப்பித்தேனே, நூறு இளைஞர் என்று, அது பிப்ரவரி 9-ஆம் தேதி அதே விக்டோரியா ஹாலில் பேசியது. கீதை படிப்பதற்கு முன் கால்பந்து ஆடுங்கள் என்று சொன்னதும் அந்த ஒன்பது நாளில் நம் சென்னைப் பையன்களிடம்தான். இதை மட்டும் பி.டி. சாரிடம் முன்பே சொல்லியிருந்தால் மேடைக்கே அவர் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

இதுவரை சொன்னதில் எத்தனை பெண் பெயர் வந்தது, எண்ணிப் பாருங்கள். பாஸ்டன் பண்ணை வீட்டு அம்மாள் ஒருவர். அவ்வளவுதான். அவள் 1998-இல் கேட்டது இதைத்தான்.

விவேகானந்தரைக் குறை சொல்ல வரவில்லை. பெண்கள் படிக்கவேண்டும் என்று அவர் பலமுறை சொன்னார். அவர் அழைத்து வந்த சகோதரி நிவேதிதை 1898-இல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். ஆனால் படியேறிச் சந்தா கேட்கவும், வண்டி இழுக்கவும், கூட்டத்தில் நிற்கவும் அன்று ஒரு பையனால் முடியும். அந்தப் பையனுக்குத் தங்கை இருந்திருந்தால் அவள் எங்கே இருந்திருப்பாள்? கல்யாணம் ஆகியிருக்கும். சிலருக்குத் தாலியும் அறுத்திருக்கும்.

இந்தக் கேள்வியோடு நான் படித்துக்கொண்டிருந்தபோது, பதில் அதே ஐஸ் ஹவுஸில் கிடைத்தது. அந்தக் கட்டடத்தின் கதையே விசித்திரம். 1842-இல் அமெரிக்காவின் டியூடர் கம்பெனி, பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்கக் கட்டியது. (பின்னால் சுவாமி பணமில்லாமல் போய் ஒதுங்கிய அதே பாஸ்டன் பக்கம்!) இங்கேயே ஐஸ் தயாரிக்க வழி வந்ததும் வியாபாரம் படுத்தது. பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி வீடாக்கினார். சுவாமி போன அடுத்த மாதமே வந்த ராமகிருஷ்ணானந்தர் அங்கேதான் மடத்தை ஆரம்பித்தார். பிறகு மடம் மயிலாப்பூருக்குப் போனது. 1917-இல் அந்தக் கட்டடத்தை அரசு வாங்கியது. எதற்கு? இளம் விதவைகள் தங்கிப் படிக்கும் விடுதிக்கு.

அதை நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சுவாமியின் வண்டியை மாணவர்கள் இழுத்துக்கொண்டு போனபோது அவர் பத்து வயதுச் சிறுமி. அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம், உடனேயே கைம்மை. அப்பா சுப்பிரமணிய ஐயர் ஊர் வாயைப் பொருட்படுத்தாமல் படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர்தான். 1912-இல் எழும்பூரில் தன் வீட்டிலேயே, விரல்விட்டு எண்ணக்கூடிய விதவைச் சிறுமிகளோடு விடுதியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 26 வயது. நம் நாட்டுக் கணக்கில் இளைஞர்.

இடம் போதாமல் போனபோது கிடைத்ததுதான் ஐஸ் ஹவுஸ். மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த பெண்கள், கடற்காற்று வரும் அந்த வட்டமான வீட்டில் தங்கிப் படித்தார்கள். படித்து என்ன ஆனார்கள்? ஆசிரியைகள் ஆனார்கள். 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தபோது அதன் முதல்வரும் சுப்புலட்சுமிதான். நம் வீடுகளில் பாட்டி காலத்தில் 'டீச்சரம்மா' என்று ஒருத்தி வெள்ளைப் புடவையில் குடை பிடித்து வருவாளே, அந்த வழி அங்கேயிருந்து கிளம்பியது. ஐந்தாவது படிக்கையில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரும் வெள்ளைப் புடவைதான். அவரைப் பார்த்துத்தான் நான் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் மாணவர்களே என்னைக் கேட்பார்கள். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும். அளசிங்கரோடு நின்ற படித்த கூட்டத்திலும் பெரும்பாலும் மேல்சாதிப் பையன்கள்தான். என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் கொள்ளுப்பாட்டிக்கு அந்த வாசல் திறந்திருக்காது. அவர்களுக்கு வாசல் திறந்தது பிற்பாடு, வேறு பல பேர் போராடி. அதை மறைத்து எழுதினால் சரித்திரம் ஆகாது. ஆனாலும் 26 வயதுப் பெண் ஒருத்தி, சுபகாரியத்தில் எதிரே வரக்கூடாது என்று ஊர் ஒதுக்கிய ஒருத்தி, அவ்வளவு செய்தார் என்பது எனக்கு சிகாகோ பேச்சைவிடச் சின்னதாகத் தெரியவில்லை.

விவேகானந்தர் நூற்றாண்டான 1963-இல் அந்தக் கட்டடத்துக்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வைத்தார்கள். 1997 முதல் ராமகிருஷ்ண மடம் அங்கே கண்காட்சி வைத்து நன்றாகப் பராமரிக்கிறது. ஒன்பது நாள் தங்கியவர் பெயர் வீட்டுக்கு நின்றது. வருடக்கணக்கில் அங்கே விளக்கு வெளிச்சத்தில் பாடம் படித்த பெண்களைப் பற்றி பஸ்ஸில் போகிறவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஐஸ் ஹவுஸ் ஸ்டாப் என்றால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

போன கார்த்திகையில் திருமுல்லைவாயில் மார்க்கெட்டில் ஒருத்தி என் பையைப் பிடித்து வாங்கிக்கொண்டு "டீச்சர், அடையாளம் தெரியுதா?" என்றாள். தெரிந்தது. அதே இரண்டாவது பெஞ்ச். இப்போது 41 வயது, சூப்பர்வைசர், காலை ஷிப்ட். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். "உங்க போஸ்ட் எல்லாம் படிப்பேன் டீச்சர், லைக் போடத்தான் நேரமில்ல" என்றாள். அந்த இளைஞர் தினம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. காய்கறி விலை பேசிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். பசங்க மட்டும் இல்லை. அன்றைக்கு எனக்கு சுப்புலட்சுமியின் பெயர் தெரியாது, அதனால் பலர்பால் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உன்னை உட்காரச் சொன்னது தப்பு. உன் அப்பாவிடம் வந்து பேசாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு.

பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை பேத்தியை ஐஸ் ஹவுஸுக்குக் கூட்டிப் போகிறேன். ஆவடியிலிருந்து லோக்கலில் சென்ட்ரல், எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில், திருவல்லிக்கேணியில் இறங்கினால் நடக்கிற தூரம். உன் மகளுக்கு அன்று டியூஷன் இல்லையென்றால் அவளையும் அனுப்பு. நீயும் லீவு கிடைத்தால் வா. இட்லி நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்